இடது மார்பில் ஒரு பெண்முகம்

கடற்படையிலிருந்து ஆள் ஓடுவதை நிறுத்த அந்தத் துறைமுகத்தில் பார்க்காத வைத்தியம் பாக்கி இல்லை. முதலில் சம்பளத்தைப் பிடித்துவைத்துப் பார்த்தார்கள். சம்பளம் வரவில்லையே என்று ஓடினார்கள். சரியென்று சம்பளத்தைக் கொடுத்தார்கள், வாங்கிக்கொண்டு ஓடினார்கள். கரைக்கு இறங்குகிறவர்களை இரண்டிரண்டு பேராகச் சேர்த்து, ஒருவன் திரும்பாவிட்டால் மற்றவனுக்குப் பிரம்படி என்று சட்டம் போட்டார்கள். அதுவரை தனியாக ஓடிக்கொண்டிருந்தவர்களுக்குப் பேச்சுத்துணை கிடைத்தது. படகுக்கு ஒரு காவல்காரனை வைத்தார்கள். படகோடு அவனும் போனான். ஒரு கப்பலில் அத்தனை பேரும் ஓடி, கேப்டனும் பாலுக்கு வளர்த்த ஒரு வெள்ளாடும் மட்டும் மிஞ்சினார்களாம். மூன்றாம் நாள் அந்த ஆட்டைக் காய்கறிச் சந்தையில் பார்த்தவர்கள் உண்டு. நம்பாதவர்கள் ஆட்டைப் பார்க்காதவர்கள், அவ்வளவுதான்.

இதெல்லாம், கப்பலுக்குத் தடித்த கித்தான் துணி தைத்த கித்தான்காரிக்கு வெறும் ஊர்ப்பேச்சாகத்தான் இருந்தது, அவள் புருஷன் ஒரு பீப்பாய்க்குள் உட்கார்ந்து வீடு வந்து சேரும்வரை.

அவனுக்கு நங்கூரம் என்று பெயர் வைத்திருந்தது தெரு. போட்ட இடத்தில் கிடப்பான். நாலு பேர் சேர்ந்து இழுத்தால்தான் கிளம்புவான். மூன்று வருஷத்தில் நாலு தடவை அவன் கப்பல் இதே துறைமுகத்துக்கு வந்து நின்றது. ஒரு தடவைகூட இறங்க விடவில்லை. மேல்தளத்தில் நின்றால் சொந்த வீட்டுக் கூரையில் ஓடு ஒன்று நழுவியிருப்பது தெரியும். போய்ச் சரிசெய்ய முடியாது. நாலாவது தடவை, காலி பிஸ்கட் பீப்பாய்களைக் கீழே இறக்கும்போது ஒன்றுக்குள் உட்கார்ந்து மூடியைச் சாத்திக்கொண்டான். உட்கார்ந்தவன் தூங்கிவிட்டான். பீப்பாய் கயிற்றிலிருந்து நழுவித் தண்ணீரில் விழுந்ததோ, ஒரு பகல் முழுக்க மிதந்ததோ அவனுக்குத் தெரியாது. படித்துறையில் டொக்கென்று முட்டியபோது, "யாருங்க?" என்று கேட்டானாம்.

கப்பல் இரண்டு நாள் தேடிவிட்டு அவனை விட்டுவிட்டுப் போய்விட்டது. அவன் பரணில் இருந்தான். கீழே கித்தான்காரியும் அவன் அக்காவும். பதினோரு நாளாக அந்த வீட்டில் மூன்று பேர் சாப்பிட்டு இரண்டு தட்டு மட்டும் கழுவினார்கள். பன்னிரண்டாம் நாள் காலை கித்தான் கொட்டகைச் சுவரில் பச்சைத்தாள் நோட்டீஸ் ஒட்டியிருந்தது.

அந்தக் கொட்டகையில் இருபது பெண்கள் மாலுமிகள் படுக்கும் தூக்குப்படுக்கை தைத்தார்கள். தகரக் கூரை. முப்பட்டை ஊசி, மெழுகு தடவிய நூல், ஊசியைத் தள்ள உள்ளங்கையில் கட்டிய தடித்த தோல். மேஸ்திரியம்மா ஒரே மர அச்சை வைத்துக் கித்தானை வெட்டிக் கொடுப்பாள். அந்த அச்சின் ஒரு மூலை கொஞ்சம் கோணல். அதனால் வாரத்துக்கு நாற்பது படுக்கையும் அதே மூலையில் அதே அளவு கோணும். கடற்படை முழுவதும் சற்றே இடப்பக்கம் சாய்ந்துதான் தூங்கியது.

மேஸ்திரியம்மாதான் நோட்டீஸைச் சத்தமாகப் படித்தாள்.

"'வயது முப்பத்திரண்டு. நடுத்தர உயரம். நிறம் சாதாரணம். மூக்கு சாதாரணம்.' உன் ஆளுதாண்டி, கீழ பேரும் போட்டிருக்கு. 'இடது மார்பில் பச்சை குத்திய பெண்முகம். முகம் சற்றே கோணல். வலது கன்னத்தில் மச்சம்.'"

இருபது ஊசியும் நின்றன.

"ஏண்டி, உன் மூஞ்சியில மச்சம் எங்கடி?" என்று பக்கத்துப் பலகைக்காரி குனிந்து பார்த்தாள்.

"இல்ல."

"கோணலாவது இருக்கா?"

"கோணல் இப்பதான் ஆரம்பிக்குது பாரு," என்றாள் மேஸ்திரியம்மா. கொட்டகை சிரித்தது.

கித்தான்காரி நூலுக்கு மறுபடி மெழுகு தடவினாள். அப்படி எதுவும் கிடையாது என்றால், மூன்று வருஷமாகப் பார்க்காத புருஷன் நெஞ்சு உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பார்கள். அதைவிடப் பெரிய கஷ்டம், கிடையாது என்று அவளுக்கே நிச்சயமில்லை. பரண் இருட்டு. இந்தப் பதினோரு நாளில் அவனை வெளிச்சத்தில் வைத்து அவள் பார்க்கவே இல்லை.

மாலை வீட்டுக்குள் நுழைந்ததும் கதவைச் சாத்தி, விளக்கை ஏற்றிக்கொண்டு ஏணியில் ஏறினாள்.

"சட்டையக் கழட்டுங்க."

நங்கூரத்தின் முகம் மலர்ந்தது. "அக்கா கீழ இருக்குதே."

"கழட்டுங்கன்னேன்."

கழற்றினான். விளக்கை மூக்குக்குக் கிட்டத்தில் கொண்டுபோனாள். பெண்முகம் இல்லை. ஆனால் முகம் இருந்திருக்க வேண்டிய அதே இடத்தில், உள்ளங்கை அகலத்துக்கு வழவழவென்று ஒரு சுட்ட தழும்பு இருந்தது.

"என்ன இது?"

"தார். கப்பல் அடியில ஓட்டை அடைச்சிட்டிருந்தோம், சட்டி கவுந்துடுச்சு."

"தாரு, உடம்பு முழுக்க இருக்குற எடத்தையெல்லாம் விட்டுட்டு இங்க வந்து கவுந்துச்சா?"

"தாருகிட்டதான் கேக்கணும்."

"அவள அழிக்கச் சுட்டுக்கிட்டியா?"

அவன் கவனித்தான்: 'ங்க' போய்விட்டது. கல்யாணமாகி ஏழு வருஷத்தில் அவள் 'நீ' என்றது இரண்டே தடவை. இரண்டு தடவையும் வீட்டில் ஏதோ உடைந்தது.

"எவள?"

"மச்சக்காரிய! வலது கன்னத்துல மச்சம். இந்தத் தெருவுல யாருக்கு இருக்கு, சொல்லு. மூலை வீட்டுச் சலவைக்காரிக்கு இருக்கா இல்லியா?"

"அது மச்சமா? நான் சோப்பு நுரை காஞ்சிருக்குன்னு நெனச்சேன்."

"பாத்திருக்க இல்ல!"

கீழே வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்த நாத்தனார் குரல் கொடுத்தாள். "டேய் தம்பி, எதுக்கும் பதில் சொல்லாதடா. நம்ம அப்பா அப்படித்தான் நாப்பது வருஷம் ஓட்டினாரு."

"நீங்க சும்மா இருங்க அண்ணி. சர்க்காரு எழுதியிருக்கு. சர்க்காரு எதுக்குப் பொய் எழுதப் போவுது?"

"நாலு தடவ சம்பளம் வருதுன்னு எழுதினாங்களே, அப்ப இப்படி நம்பினியா நீ?"

அது காதில் விழவில்லை. அன்று பரணுக்கு ரொட்டி மட்டும் போனது; மீன் போகவில்லை. மறுநாள் மீன் போனது, உப்பு போகவில்லை. மூன்றாம் நாள் சலவைக்காரி வீட்டு வாசலைத் தாண்டும்போது கித்தான்காரி நின்று பார்த்தாள். முழங்கைவரை கஞ்சிப் பசையோடு, படகுத்துடுப்பு மாதிரி கைகளோடு, அவள் விரிப்பு முறுக்கிக்கொண்டிருந்தாள். "என்னக்கா, துணி இருக்கா?" என்று கேட்டாள். எவ்வளவு பாசமாகக் கேட்கிறாள் என்று கித்தான்காரிக்கு வயிறு எரிந்தது.

நாலாம் நாள் சாயங்காலம் சோதனைக்கு வந்தார்கள். ஒரு சார்ஜெண்டும் இரண்டு மாலுமிகளும். அதற்கு ஏற்பாடு ஏற்கெனவே இருந்தது: வீட்டுக்குக் கொண்டுவந்து தைக்கிற கித்தான் சுருளுக்குள் நங்கூரம் படுத்துக்கொள்ள வேண்டும், கித்தான்காரி அதன்மேல் உட்கார்ந்து விளிம்பு தைக்க வேண்டும். இரண்டு சோதனை அப்படித்தான் கழிந்தது; இரண்டாவதில் அவன் உள்ளேயே தூங்கிவிட, குறட்டைக்கு ஈடாக நாத்தனார் இருமிக்கொண்டே இருந்தாள்.

இந்தத் தடவை தூக்கம் வரவில்லை. சார்ஜெண்ட் பரணில் தடதடவென்று நடக்க, கித்தான்காரி சுருளை நோக்கிக் குனிந்து, நூலைப் பல்லால் கடிக்கிற சாக்கில், "அவதானா?" என்றாள். ஊசியை இறக்கினாள். முப்பட்டை ஊசி. சுருள் ஒரு விரற்கடை நிமிர்ந்து மறுபடி படிந்தது.

"இல்லன்னா வேற எவ?" மறுபடி ஊசி.

"அம்மா யாரோட பேசுறீங்க?" என்று மாலுமி கேட்டான்.

"துணியோட. நான் சொல்றத அது ஒண்ணுதான் கேக்குது."

அவர்கள் போனபின் நாத்தனார் சுருளைப் பிரித்தாள். நங்கூரத்தின் தொடையில் பதினேழு இடத்தில் ரத்தம் பொட்டுப்பொட்டாக, ஓரளவு நேர்கோட்டில் இருந்தது. தொழில் தெரிந்த கை. அவன் முனகக்கூட இல்லை. எழுந்து உட்கார்ந்து, "தார்தான்," என்றான்.

அன்றே அவள் முடிவுசெய்தாள். எழுதினவனையே கேட்டுவிடுவது.

கடற்படை ஆபீசில் அங்க அடையாளக் குறிப்பு எழுதுகிறவரை ஊர் மச்சக்கணக்கர் என்றது. மெலிந்த மனிதர், மேசையில் ஒரு பூதக்கண்ணாடி. அவர் வந்த பிறகுதான் பச்சைத்தாள் வந்தது. பச்சைத்தாள் வந்த பிறகுதான் ஆள் பிடிபடவும் ஆரம்பித்திருந்தது. அறைக்கு வெளியே பெஞ்சில் நாலு பெண்கள் இருந்தார்கள். வாசல் காவல்காரன் அவள் வீட்டு விவரத்தைக் குறித்துக்கொண்டு ஐந்தாவதாக உட்காரச் சொன்னான். ஒவ்வொருத்தி கையிலும் சுவரிலிருந்து கிழித்த பச்சைத்தாள் இருந்தது. ஒவ்வொருத்தி கண்ணும் இரண்டு நாள் அடுப்பில் இருந்த மாதிரி சிவந்திருந்தது.

முதல் பெண் ரொட்டிக்கடைக்காரி. கூப்பிட்டதும் கதவை உதைக்காத குறையாக உள்ளே போனாள்.

"உங்களுக்கு என்ன எழுதியிருக்கு?" என்று கித்தான்காரி பக்கத்தில் இருந்தவளைக் கேட்டாள்.

"இடது மார்புல பொம்பள மூஞ்சி. சற்றே கோணலாம். வலது கன்னத்துல மச்சமாம்."

"எனக்கும் அதேதான்," என்றாள் அடுத்தவள்.

"எனக்கும்! ஒருத்தியா, இத்தன பேரையுமா? எந்த ஊருக்காரிடி அவ? குடும்பம் குட்டி கிடையாதா அவளுக்கு?"

மூன்று பேரும் சேர்ந்து அந்த மச்சக்காரியைத் திட்டத் தொடங்கினார்கள். கித்தான்காரி வாயைத் திறந்தாள், திறந்தபடி நின்றுவிட்டாள். நாலு தாள், நாலும் சற்றே கோணல். நாலு ஊரில் நாலு கை பச்சை குத்தினால் நாலு விதமாகத்தான் கோணும். எல்லாமே ஒரே மாதிரி கோணினால் அது முகத்தின் கோணல் இல்லை, அச்சின் கோணல். அவள் ஒன்பது வருஷமாகத் தைப்பது அதைத்தானே.

உள்ளே ரொட்டிக்கடைக்காரி கத்தினாள். "பொம்பள மூஞ்சியாம் மூஞ்சி! அவரு நெஞ்சுல முடியத் தவிர ஒண்ணும் கிடையாதுய்யா! நேத்துகூடத் தேய்ச்சுக் குளிப்பாட்டி..."

சத்தம் பாதியில் நின்றது. அதற்குப் பின் மச்சக்கணக்கரின் குரல், நோயாளியிடம் பேசுகிற மாதிரி மெல்ல வந்தது. "நேத்தாம்மா?"

பின்வாசல் கதவு திறந்தது. கயிறு எடுத்துக்கொண்டு நாலு மாலுமிகள் ரொட்டிக்கடைத் தெருப் பக்கம் போனார்கள். அடுப்புக்குப் பின்னால் மாவு மூட்டை நடுவில் அவன் வெள்ளைவெளேரென்று உட்கார்ந்திருந்ததாகப் பிறகு சொன்னார்கள். மறுநாள் கப்பலில் எல்லாரையும் வரிசையாக நிறுத்திவைத்து அவன் முதுகை உரித்தார்கள். அதற்குப் பிறகு ஒரு மாசம் ரொட்டிக்கடைக்காரி யாரோடும் பேசவில்லை.

பெஞ்சில் கித்தான்காரி வாசலைப் பார்த்தாள். பெயரைக் குறித்தாயிற்று; எழுந்து போனால் அதுவே சாட்சி. இரண்டு பக்கமும் கையை நீட்டி மூன்று பேர் சேலையையும் பிடித்து இழுத்தாள்.

"திட்டாதீங்க. அழுங்க. உள்ள போயி 'ஆமாய்யா இருக்கு'ன்னு சொல்லுங்க. கல்யாணத்துக்கு முன்னாடியே இருந்துச்சு, அத நெனச்சுத்தான் தெனமும் அழுவுறேன், ஆளப் புடிச்சா எங்கிட்டயும் ஒரு அடி அடிக்க விடுங்கன்னு சொல்லுங்க."

"இல்லவே இல்லையேடி!"

"இல்லன்னு உனக்கு எப்படித் தெரியும்?"

மூன்று பேருக்கும் ஒரே நேரத்தில் விளங்கியது. அடுத்த ஒரு மணி நேரத்தில் அந்த அறையில் மூன்று பெண்கள் ஒருத்தியைவிட ஒருத்தி நன்றாக அழுதார்கள். ஐந்தாவதாக அவள் போனபோது மச்சக்கணக்கர் நெற்றியைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் துறைமுகக் கேப்டன் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார்.

"குறிப்புல ஏதாவது தப்பாம்மா?" என்றார் மச்சக்கணக்கர்.

"ஒரே ஒரு தப்புய்யா. 'சற்றே கோணல்'னு போட்டிருக்கீங்க. நல்லாவே கோணல். சிறுக்கி."

"நிச்சயமா இருக்கா? நெஞ்சுல?"

"நாலு வருஷம் அதப் பாத்துட்டே தூங்கியிருக்கேன். நீங்க பாத்திருக்கீங்களா?"

மச்சக்கணக்கர் பேனாவைக் கீழே வைத்தார். நோட்டீஸில் இருந்த முகத்தை உண்டாக்கியவர் அவர். ஒரு மழைநாளில், மேசையில் டீ சிந்திய கறையைப் பார்த்து எழுதினது. கேப்டனிடமோ, உளவாளிகள் சொன்னது என்று சொல்லியிருந்தார். நீ பொய் சொல்கிறாய் என்று இவளிடம் சொல்ல அவர் ஒருவருக்குத்தான் தகுதி, சொல்லத்தான் வழியில்லை.

"பாத்தீரா!" என்று கேப்டன் சுளையை வாயில் போட்டார். "நம்ம உளவாளிங்க கெட்டிக்காரங்கய்யா. எழுதிக்கும், மனைவியே உறுதிசெய்தாள்னு. இனிமே அந்தப் படம் இல்லாதவன இழுத்துட்டு வந்து என் நேரத்த வீணாக்காதீங்க."

அப்படித்தான் நங்கூரம் பரணிலிருந்து இறங்கினான். துறைமுக வாசலில் சட்டையைத் திறந்து காட்டச் சொன்னார்கள், காட்டினான், படம் இல்லை, போ என்றார்கள். அவன் பெயரும் அவன் முகமும் தெருவுக்கே தெரியும். தெரு வேறு பக்கம் பார்த்துக்கொண்டது. காட்டிக்கொடுத்தவனுக்கு அந்தத் தெருவில் யாரும் தண்ணீர்கூட ஊற்ற மாட்டார்கள். மூட்டை தூக்கும் வேலை கிடைத்தது. அவன் முதலில் செய்தது, கூரையில் நழுவிய ஓட்டைச் சரிசெய்தது.

இத்தோடு கதை முடிந்திருக்கலாம். முகம் பொய் என்று அவளுக்குத் தெரியும், அவளேதான் கண்டுபிடித்தாள். ஆனால் தழும்பு பொய்யில்லையே.

"அஞ்சு பேருக்குப் பொய்யா எழுதினான், சரி," என்றாள் கஞ்சி ஊற்றும்போது. "அஞ்சு பேருல உனக்கு மட்டும் அதே எடத்துல எப்படித் தழும்பு வந்துச்சு?"

"தார்."

"பேரு தாரா?"

"ஊசியால குத்தினியே, அப்பகூட அதத்தானே சொன்னேன்."

"அழுத்தக்காரன் நீ. இப்ப எதுக்கு நெஞ்சத் தொறந்து போட்டுட்டு தெருவுல நடக்குற?"

"தொறந்து காட்டினாத்தாண்டி புடிக்க மாட்டாங்க! நீதானே ஏற்பாடு செஞ்ச!"

"வாசல்ல தொறந்தா போதும். சலவைக்காரி வீட்டு முன்னாடி எதுக்குத் தொறக்குற? அங்க என்ன, சோதனையா?"

நாத்தனார் தட்டைத் தூக்கிக்கொண்டு கொல்லைப்பக்கம் போய்விட்டாள். இப்படிப் பன்னிரண்டு நாள். வேலையிலிருந்து வந்தால் தழும்பு, சாப்பிட்டால் தழும்பு, கண்ணை மூடினால் கண்மேல் விளக்கு. போட்ட இடத்தில் கிடக்கிற மனிதனையே கிளப்பிவிட்டது அது. பதின்மூன்றாம் நாள் மத்தியானம், வெயில் தகரத்தை உருக்கிக்கொண்டிருக்கும்போது அவள் சாப்பிட வந்தாள். செருப்பு இருந்த இடம் காலியாக இருந்தது.

"எங்க அண்ணி?"

நாத்தனார் நிமிர்ந்து பார்க்கவில்லை. "போயிட்டான். கப்பல்ல அடிச்சா, அடிச்சு முடிச்சதும் விட்டுடுவாங்களாம். அப்படின்னு சொல்லிட்டுப் போனான்."

கித்தான்காரி ஓடினாள். உள்ளங்கையில் கட்டிய தோலைக்கூடக் கழற்றவில்லை. ஆபீஸ் இடப்பக்கம். அவள் ஓடினது வலப்பக்கம், மூலை வீட்டுக்கு.

சலவைக்காரி கொதிக்கிற அண்டாவைக் கோலால் கிளறிக்கொண்டிருந்தாள். வேர்வையில் மச்சம் மினுங்கியது.

"எங்கடி என் புருஷன்?"

"வந்துட்டியா," என்றாள் சலவைக்காரி, கோலை நிறுத்தாமல். "சொல்லிட்டுத்தான் போச்சு அண்ணன். 'என் பொண்டாட்டி மொதல்ல இங்கதான் வருவா. வந்தா, ஆபீசுக்குப் போயிருக்கேன்னு சொல்லு, பாவம் வெயில்ல அலையப் போறா'ன்னு."

கித்தான்காரிக்கு அண்டாவின் ஆவி முகத்தில் அடித்த மாதிரி இருந்தது. திரும்பி ஓடினாள்.

ஆபீஸ் ஜன்னல் திறந்திருந்தது. உள்ளே நங்கூரம் சட்டையில்லாமல் நின்றான். கேப்டன் நோட்டீஸை ஆட்டினார்.

"நான்தான் அவன்னா? படம் எங்கடா?"

"படம் கிடையாதுய்யா. ஆனா நான்தான்."

"மனைவியே வந்து உறுதிசெஞ்சது. சோத்துக்கு வழியில்லாம, ஓடிப்போனவன்னு பொய் சொல்லிக் கப்பல்ல ஒட்டப் பாக்குறியா? இந்த மாதிரி எத்தன பேரப் பாத்திருக்கேன்!" சட்டென்று நிறுத்தினார். "இரு. இது என்ன தழும்பு? சுட்டு அழிச்சிருக்கானோ? நீர் பாரும்யா."

கித்தான்காரி ஜன்னல் கம்பியை இறுகப் பிடித்தாள். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். மச்சக்கணக்கருக்கு ஆளும் கிடைக்கும், அவர் நோட்டீஸுக்கு மரியாதையும் கிடைக்கும். அவன் முதுகு உரியும். சுட்டு அழித்தான் என்று அவள் பன்னிரண்டு நாளாகச் சொன்ன அதே வார்த்தை.

மச்சக்கணக்கர் பூதக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு வந்து தழும்பின்மேல் வைத்தார். கண்ணாடிக்கு மேலாக ஜன்னலைப் பார்த்தார். அவள் முகத்தையும் பார்த்தார். திரும்பக் குனிந்து, விரலால் தோலை இழுத்து, நகத்தால் தடவி, சாவகாசமாகப் பரிசோதித்தார். கண்முன்னால் இருக்கிற உடம்பைப் பற்றி அவருக்குப் பொய் வராது. இல்லாத உடம்பைப் பற்றித்தான் வரும். அதுவும் ஒரு தொழில்சுத்தம்.

"தார் பட்டதுய்யா," என்றார். "மூணு வருஷம் இருக்கும். பச்சைய எப்படிச் சுட்டாலும் அடியில மை நிக்கும். இதுல மை இருந்ததே கிடையாது. எந்தக் காலத்துலயும்."

"தொரத்துங்க இவன," என்றார் கேப்டன்.

"அய்யா!" ஜன்னலிலிருந்து குரல் வந்தது. "அத எழுதித் தருவீங்களா?"

கேப்டன் அதற்குள் உள்ளறைக்குப் போய்விட்டார். மச்சக்கணக்கர் ஒரு பச்சைத்தாளை எடுத்து, இரண்டு வரி எழுதி, மை காய ஊதி, ஜன்னல் வழியாக நீட்டினார். அதற்குப் பிறகு, கடற்படையில் ஓட்டத்தை நிறுத்துவது எப்படி என்று எழுதிவைத்திருந்த கோப்பை மூடி அலமாரிக்கு மேல் போட்டார் என்பார்கள்.

இருவரும் கடற்கரை வழியாக வீட்டுக்கு நடந்தார்கள். அவள் தாளை நாலாக மடித்து ரவிக்கைக்குள் வைத்தாள். சட்டையை அவனுக்கு மாட்டி, எல்லாப் பொத்தானையும் தானே போட்டுவிட்டாள்.

"ரொம்ப வலிச்சிருக்குமே," என்றாள். "தாரு."

"ம்."

"சொல்லியிருக்கலாமில்லீங்க."

'ங்க' திரும்பி வந்ததை அவன் கவனித்தான். மூலை திரும்பும்வரை காற்று நன்றாக இருந்தது. சலவைக்காரி வீட்டுப் புகை தெரிந்ததும் அவள் நடை மெதுவானது.

"ஏங்க."

"சொல்லு."

"ஆபீசுக்குப் போறேன்னு அவகிட்டச் சொல்லிட்டுப் போனீங்களே. அத அண்ணிகிட்டயே சொல்லியிருக்கலாம். அவ வாசல்ல எவ்வளவு நேரம் நின்னு சொன்னீங்க?"

நங்கூரம் நின்று திரும்பிப் பார்த்தான். துறைமுகத்தில் நாலு கப்பல் நின்றன. நாலில் ஒன்றும் இனி அவனை ஏற்றிக்கொள்ளாது.